கேமரா பெல்ட்டுக்கு ஏன் பருத்தி நாடா எடுத்தோம்

எங்கள் முதலாளி அண்ணாச்சியின் மகன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். கம்பெனியை இப்போது அவன்தான் பார்க்கிறான். நாங்கள் கையால் தைக்கும் தோல் கேமரா பெல்ட்டுகளை இணையத்தில் போட்டு விற்கிறான். வாங்குகிறவர்கள் விதவிதமாகக் கேள்வி கேட்கிறார்களாம். அதில் ஒரு கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை.

“எல்லாக் கம்பெனியும் நைலான் நாடா, பாலியஸ்டர் நாடா வச்சுத்தான் தைக்கான். நம்ம மட்டும் ஏன் பருத்தி? புதுசா வந்த பிள்ளைகளும் கேக்குதுக. நீங்கதான அப்ப நாடா எடுத்தீக, எழுதிக் குடுங்க எஸ்தரக்கா” என்றான்.

தானாக ஒரு பதிலை எழுதியும் வைத்திருந்தான். இயற்கை இழை, கழுத்துக்கு இதம், மண்ணுக்குக் கேடில்லை என்று போனில் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் அதற்காக எடுக்கவில்லை. அப்போது அவன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான், இதெல்லாம் அவனுக்குத் தெரியாது. நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன், நேரமும் கிடக்கிறது. அவன் கேட்டதைவிடக் கூடவே எழுதப் போகிறேன். வேண்டாததை அவன் வெட்டிக்கொள்ளட்டும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்கள் ஜனங்களில் வாத்தியார் மகள் ஒன்று டீச்சராவாள், இல்லையென்றால் நர்ஸாவாள். எனக்குப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கப் பொறுமை இல்லை; ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஆக விருதுநகரில் அண்ணாச்சி கம்பெனிக்குச் சரக்குப் பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். கொஞ்ச நாள் திண்டுக்கல்லில் தோல் மண்டியில் நிற்க வைத்தார்கள். முதுகுத் தோல் எது, வயிற்றுத் தோல் எது, எது இழுபடும், எது நிற்கும் என்று அங்கே கையால் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு கடைசிவரை கம்பெனியில் அதே நாற்காலிதான். கைவேலை என்றால் இப்போது எல்லோரும் ஏதோ தவம் மாதிரி பேசுகிறார்கள். பாதி நேரம் அது சலிப்பு. மீதி நேரம் கழுத்து வலி.

கம்பெனி இருந்தது ஆமத்தூர் போகிற ரோட்டில், பழைய மிளகாய் வத்தல் கிட்டங்கியில். வத்தல் மூட்டையெல்லாம் போய் எத்தனையோ வருஷம் கழித்தும், மழை பெய்தால் சுவரிலிருந்து காரம் எழும்பும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் பூராவும் தும்முவார்கள். நடுவில் தடுப்புச் சுவர் எதுவும் இல்லாத ஒரே கூடம். ரோட்டைப் பார்த்து ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு.

அண்ணாச்சியின் குடும்பமே வத்தல் வியாபாரக் குடும்பம். தோலுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்லுவார். யாரையும் அவர் திட்டிப் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு துண்டுத் தோலைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தால், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விரலால் தடவுவார். பிடிக்கவில்லையென்றால் “அப்படியா?” என்பார். நாம் விளக்கம் சொல்லுவோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் “அப்படியா?” என்பார். மூன்றாவது “அப்படியா?” வரும்போது நாம் சொல்வதில் நமக்கே நம்பிக்கை போயிருக்கும். பேசாமல் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அவர் மேல் உள்ள எரிச்சலை நான் எத்தனையோ நாள் வீட்டில் பாத்திரத்தின் மேல் காட்டியிருக்கிறேன்.

கழுத்தில் போடுகிற சாமானைக் கழுத்தில் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பெரிய கேமராவும் லென்ஸும் சேர்ந்து என்ன கனம் இருக்குமோ அந்த அளவுக்கு அரிசியைத் துணிப்பையில் கட்டி, மாதிரி பெல்ட்டில் மாட்டி, தன் கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை திரிவார். பேங்குக்கும் அப்படியே போவார், கல்யாண வீட்டுக்கும் அப்படியே போவார். பேங்கில் ஒரு தடவை யாரோ, “என்ன அண்ணாச்சி, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?” என்று கேட்டார்கள். “கோயிலுக்கு இல்லப்பா, கம்பெனிக்கு” என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றுகொண்டார்.

தைக்கிற பெண்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து வேனில் வருவார்கள். ஏறக்குறைய எல்லோரும் முன்னால் பட்டாசு யூனிட்டில் வேலை பார்த்தவர்கள். அந்தப் பழக்கம் இங்கே வந்தும் கையை விட்டுப் போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியதும் இரும்புக் கதவை உள்ளங்கையால் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். யூனிட்டில், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க வேண்டும் என்று உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டுமாம். எங்களிடம் வெடிமருந்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இருந்தாலும் தொடுவார்கள். கத்தரிக்கோலைச் சத்தம் வராமல் வைப்பார்கள். இரும்புச் சுத்தியல் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், மரச் சுத்தியல்தான் வேண்டும். ஒரு மேஜைக்கு நாலு பேருக்கு மேல் உட்கார மாட்டார்கள். நடக்கிற வழியில் ஒரு சாக்கு கிடந்தால்கூட எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து வருகிற ஏஜென்ட்டுகள், “என்ன டிசிப்ளின்” என்று பாராட்டுவார்கள். அண்ணாச்சி தலையாட்டிக்கொள்வார்.

அந்தக் கூடத்துக்குள் யாரும் தீப்பெட்டி கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. டீ வெளியிலிருந்து வரும். சாமி படத்துக்குப் பூ உண்டு, ஊதுபத்தி கிடையாது. தீப்பெட்டி செய்தே பிழைக்கிற சீமையில் நாங்கள் இப்படி ஒரு கம்பெனி நடத்தினோம்.

அதுவரை முழுத்தோல் பெல்ட்தான் செய்துகொண்டிருந்தோம். சென்னையிலிருந்து ஒரு ஏஜென்ட் வந்து, இரண்டு முனையிலும் தோல், நடுவில் கழுத்தில் படுகிற இடத்தில் நாடா, அப்படி வேண்டும் என்றார். முழுத்தோல் வெயிலில் கழுத்தோடு ஒட்டுகிறது, கனமும் அதிகம் என்பது புகார். பெரிய ஆர்டர், வெளிநாட்டுக்குப் போகிறது. நாடா எடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நாலு வகை வரவழைத்தேன். முதலாவது, பள்ளிக்கூடப் பைக்குப் போடுகிற பிளாஸ்டிக் நாடா. தண்ணீரில் போட்டால் மிதக்கும், அதுதான் அதற்கு அடையாளம். அதன் ஓரம் கழுத்தை அறுத்தது. மொட்டைமாடி வெயிலில் கிடந்ததும் நிறம் செத்து, மடித்தால் முறிகிற பதத்துக்கு வந்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டேன். இரண்டாவது நைலான். பலத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் நனைந்தால் நீண்டது. வழவழப்பில் அரிசிப் பை தோளிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது பாலியஸ்டர், காரில் சீட் பெல்ட்டுக்குப் போடுகிற ரகம். நனைத்தாலும் நீளவில்லை, வெயில் தாங்கியது, சாயம் இறங்கவில்லை, ஓரமும் உறுத்தவில்லை. நாலாவது பருத்தி. கழுத்தில் போட்டால் எடுக்க மனசு வராது, அவ்வளவு சுகம். ஆனால் வியர்வைக்குப் பதிலாக உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டால் சுருங்கியது. கறுப்புச் சாயம் வெள்ளைத் துணியில் ஒட்டியது. கல்யாண வீட்டில் வெள்ளைச் சட்டையோடு நிற்கிற போட்டோக்காரருக்கு இதைக் கொடுத்தால் நம் பேர் நாறிவிடும். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் பாலியஸ்டர்தான். அண்ணாச்சியும் ஒரே ஒரு “அப்படியா?”வோடு ஒத்துக்கொண்டார். அவர் அகராதியில் அது சபாஷ்.

பாலியஸ்டர் நாடாவுக்கு ஒரு வேலை மட்டும் கூடுதல். வெட்டினால் முனையில் இழைகள் பிரிந்துகொண்டே போகும். அதனால் வெட்டின கையோடு முனையைத் தீயில் காட்ட வேண்டும். இழைகள் உருகி ஒன்றோடு ஒன்று சேர்ந்து விளிம்பில் ஒரு தடிப்பு கட்டும். அந்த முனையை இரண்டு தோலுக்கு நடுவில் வைத்துச் சதுரமாகத் தைக்க வேண்டும். பிடிமானமே அந்தத் தடிப்புதான். அது இருந்தால் எவ்வளவு கனம் இழுத்தாலும் நாடா தையலை விட்டு உருவிக்கொண்டு வராது. மாதிரிக்கு அனுப்பிய பெல்ட்டுகளுக்கு நான் என் வீட்டுக் கேஸ் அடுப்பில் முனையைக் காட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஏஜென்ட் இழுத்துப் பார்த்தார், ஆளே தொங்கியும் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆர்டர் உறுதியானது.

நாடா வெட்டி முனை கட்டுகிற வேலை பின்கதவுப் பக்கத்து மேஜைக்குப் போனது. அங்கே கஸ்தூரியும் சவேரியம்மாளும் இருந்தார்கள். கஸ்தூரிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு பிள்ளைகள். புருஷன் கேரளாவில் கொத்து வேலை, வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை. கம்பெனியிலேயே அவள் தையல்தான் அழகு. சவேரியம்மாள் எல்லோருக்கும் மூத்தவர், நூலுக்கு மெழுகு தேய்க்கிறவர். மூட்டுவலிக்காரர், ஸ்டூலைவிட்டு எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். வாய் மட்டும் ஓயாது.

ஒரு தடித்த மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வாங்கிக் கஸ்தூரி மேஜையில் வைத்தேன். வீட்டில் உருக்கிய முனைகளைக் காட்டி, எவ்வளவு கிட்டே பிடிக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் “சரிக்கா” என்றாள். சவேரியம்மாள் மட்டும் வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் பேசவில்லை.

லோடு கிளம்ப வேண்டிய நேரம். சாத்தூரில் ஒரு போட்டோக்காரர், புது பெல்ட் எது செய்தாலும் முதலில் அவர்தான் மாட்டிப் பார்ப்பார். அவர் காலையிலேயே வந்து நின்றார். ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் பெல்ட். காதுகுத்து வீட்டில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நாடா தோலிலிருந்து உருவிக்கொண்டு வந்து, கேமரா மேடைப் படியில் விழுந்திருக்கிறது. லென்ஸ் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டது.

“அறுந்து விழுந்தாக்கூடப் பரவாயில்ல அண்ணாச்சி. பாம்பு சட்ட உரிச்ச மாதிரி உருவிட்டு வருது” என்றார்.

அண்ணாச்சி லென்ஸுக்குத் தான் பொறுப்பு என்று சொல்லி அவரை உட்கார வைத்துவிட்டு, பெல்ட்டை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை வழக்கம்போலக் கழற்றவில்லை, இன்னும் ஏற்றிவிட்டுக்கொண்டார். குத்தூசியால் தையலை ஒவ்வொன்றாக நெம்பித் தோலைப் பிரித்தார். நாங்கள் சுற்றி நின்றோம்.

நாடா முனை உருகியிருக்கவில்லை. தீயே படவில்லை. அதற்குப் பதிலாக ஓரம் முழுக்கக் கைத்தையல் போட்டிருந்தது. தாவணி ஓரம் அடிக்கிற மாதிரி, நெருக்கமாக, ஒரே அளவாக. பருத்தித் துணியாக இருந்திருந்தால் ஆயுசுக்கும் நிற்கிற தையல். பாலியஸ்டர் இழை வழுக்கும். கனம் இழுக்க இழுக்கத் தையல் கூடோடு கழன்று வந்திருக்கிறது. லோடிலிருந்து இன்னும் சிலவற்றை எடுத்துப் பிரித்தார். எல்லாம் அதே தையல்.

அவர் எழுந்து கஸ்தூரி மேஜைக்குப் போனார். மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்தார். திரி வெள்ளையாகவே இருந்தது. “அப்படியா?” என்று மெழுகுவர்த்தியைப் பார்த்துக் கேட்டார்.

“தீ வைக்கல அண்ணாச்சி” என்றாள் கஸ்தூரி. “தையல் போட்டேன். கெட்டியாத்தான் போட்டேன்.”

“ஏன்னு சொல்லும்மா.”

“தீப்பெட்டியக் கையில எடுத்தேன். உரச முடியல. எம்புட்டோ தடவ எடுத்துப் பாத்தேன்.”

சவேரியம்மாள் ஸ்டூலில் இருந்தபடியே சொன்னார். “அவ தங்கச்சி வள்ளி யூனிட்லதான் போனா அண்ணாச்சி. ரெண்டு பேரும் ஒரே ஷெட்டு. வெடிச்சப்ப இவ வெளிய வந்துட்டா, அது வரல. எங்களுக்கெல்லாம் தெரியும். அதான் நாங்களும் பேசாம இருந்துட்டோம்.”

எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று கோபம். அவள் முகத்தைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தத் தையலைப் பார்த்திருக்கிறார்கள், மெழுகுவர்த்தி குறையாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறார்கள். தீ இல்லாத கூடத்தில் தீ இல்லாமல் இருந்தது யாருக்கும் தப்பாகவே படவில்லை.

ஏஜென்ட் செய்தி கேட்டு மறுநாளே வந்து இறங்கினார். “ஒரு மெழுகுவத்தி ஏத்தத் தெரியாதவங்கள வச்சுக்கிட்டு எக்ஸ்போர்ட் பண்றீங்களா சார்?” என்று சத்தம் போட்டார். பாலியஸ்டரை மாற்ற முடியாது, மொத்த லோடையும் பிரித்து முனையை உருக்கித் திரும்பத் தைக்க வேண்டும், அந்தப் பெண் அதில் கை வைக்கக் கூடாது என்றார். அண்ணாச்சி, ஆளை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

ஆளை எங்கே போய் மாற்றுவது? என் வீட்டு அடுப்பில் வைத்து முடிகிற லோடும் இல்லை. ஒவ்வொரு மேஜையாகக் கேட்டார். ஒருத்தியும் தலையை நிமிர்த்தவில்லை. வேலையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். காற்றில் தீ நிற்கவில்லை, உருகின முனையில் புழுதி அப்பிக்கொண்டது. பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு அனுப்பினோம். கரியும் எண்ணெயும் பூசிக்கொண்டு வந்தது. ரேடியோ ரிப்பேர்க்காரரின் சூட்டுக்கோலை வாங்கி நானே தேய்த்துப் பார்த்தேன். நாடா கோலோடு ஒட்டிக்கொண்டு, விளிம்பு எலி கடித்த மாதிரி ஆனது. கடைசியில், பட்டறையிலிருந்து ராசு என்கிற ஆளைக் கேஸ் விளக்கோடு கூட்டிவந்து கூடத்துக்குள்ளேயே உட்கார வைப்பது என்று முடிவானது.

அதைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி கஸ்தூரியைக் கூப்பிட்டார். நானும் நின்றேன்.

“ரூம்புக்குள்ள தீ இருக்கும்மா. வேற வழி தெரியல. உன்னால இருக்க முடியுமா?”

அவள் முன்கதவையும் பின்கதவையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “இருந்து பாக்கேன் அண்ணாச்சி” என்றாள். “இங்கன இல்லன்னா திரும்ப யூனிட்டுதான். அங்கன நான் போக மாட்டேன். பிள்ளைகளுக்குச் சோறு வேணும்.”

அவள் சொன்னது உண்மை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மானாவாரிக் காடு, மழை பெய்தால்தான் வெள்ளாமை. மற்றபடி பெண்களுக்கு யூனிட்டை விட்டால் வேலை கிடையாது. எங்கள் வேனைத் தவிர அந்த ஊருக்கு வருகிற வேன் எல்லாம் யூனிட் வேன்தான். அன்று ராத்திரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என் வீட்டுக்காரர்கூட என்ன விஷயம் என்று கேட்டார். நாடா விஷயம் என்றேன்.

பருத்தியின் குறைகளைப் பிற்பாடு எப்படிச் சரி செய்தோம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அண்ணாச்சி மகனுக்கு அதுதான் முக்கியம். அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்காரரிடம் நாடாவை நெருக்கி, தடிமனாக நெய்து தரச் சொன்னோம். வந்த நாடாவைத் தோலோடு சேர்ப்பதற்கு முன்னாலேயே வெந்நீரில் ஊறப்போட்டுக் காயவைத்தோம். சுருங்குவதெல்லாம் அங்கேயே சுருங்கிவிடும். கறுப்பை விட்டுவிட்டுச் சாயமே போடாத பருத்தி நிறத்தை வைத்துக்கொண்டோம். வியர்வைக்கு, நாடாவை மட்டும் கழற்றித் துவைக்கிற மாதிரி பித்தளைக் கொக்கி வைத்தோம். முனையை மூன்றாக மடித்து ஓரத்தில் நெருக்கமாகக் கைத்தையல் போட்டால் அந்த மடிப்பே தடிப்பு. தீ வேண்டாம். ஏஜென்ட் ஆர்டரில் பாதியை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டார். அந்த சீசனில் ஓவர்டைம் இல்லாமல் போனதில் எங்கள் பெண்களில் சிலருக்கு வருத்தம்தான், முணுமுணுத்தார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி ராசு வந்த அன்று நடந்தது.

காலையில் கேஸ் விளக்கை வைத்துக்கொண்டு முன்கதவுப் பக்கம் உட்கார்ந்தான். நல்ல பையன்தான், வேலையும் சுத்தம். அவன் பற்றவைத்ததும் உஸ் என்ற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மரச் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் எல்லோரும் கையில் இருந்ததை மடியில் வைத்துவிட்டு அந்த நீலத் தீயைப் பார்த்தார்கள். “வேலையப் பாருங்க தாயி” என்று நான் சொன்னேன். பார்த்தார்கள். கஸ்தூரி தீக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தோலில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. சவேரியம்மாள் அவளிடம் ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இப்படியே டீ வருகிறவரை ஓடியது. சரி, சமாளித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

டீக்குப் பிறகு, உருகின நாடாவிலிருந்து ஒரு சொட்டு ராசுவின் காலடியில் கிடந்த நூல் கழிவில் விழுந்தது. குப்பென்று பிடித்தது. முழங்கால் உயரம்கூட இருக்காது. ராசு எழுந்து செருப்பால் மிதித்தான்.

அவன் மிதிக்கக் காலைத் தூக்குவதற்குள் கூடம் காலியாகிவிட்டது. ஒருத்தியும் கத்தவில்லை. கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, தீ இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, பின்கதவு வழியாக, ஒருவரை ஒருவர் இடிக்காமல், திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். ஓடி, கட்டடத்தைச் சுற்றி ரோட்டுக்குப் போய் நின்றார்கள். கஸ்தூரியும் ஓடினாள், நான் பார்த்தேன். நானும் அண்ணாச்சியும் வாய் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றோம். எங்களுக்கு ஓடக்கூடத் தோன்றவில்லை.

தீ அணைந்துவிட்டது. கொஞ்சம் புகைதான் மிச்சம். ராசு செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே, “அவ்வளவுதான் அண்ணாச்சி, ஒண்ணுமில்ல” என்று சிரித்தான். சவேரியம்மாள் எழுந்திருக்க முடியாமல் ஸ்டூலிலேயே இருந்தார். அவரும் சிரித்துக்கொண்டு, “எல்லாக் கழுதைகளும் என்னைய விட்டுட்டு ஓடிட்டாளுக பாருங்க” என்றார்.

அப்போது பின்கதவு வழியாகக் கஸ்தூரி திரும்ப உள்ளே வந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, குனிந்து, புகைக்குள் வருகிற மாதிரி வந்தாள். அவ்வளவு புகை அங்கே இல்லை. எங்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை. நேராகச் சவேரியம்மாளிடம் போய், அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினாள். சவேரியம்மாள் கனத்த உடம்பு. தூக்கி, இழுத்துக்கொண்டே வெளியே போனாள். ஸ்டூல் உருண்டது.

நாங்கள் பின்னாலேயே ரோட்டுக்குப் போனோம். கஸ்தூரி சவேரியம்மாளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தீ அணைஞ்சிருச்சு தாயி. விடு, இடுப்பு வலிக்கி” என்றார் சவேரியம்மாள். அவள் விடவில்லை. மற்ற பெண்கள் சுற்றிலும் நின்றார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், அதையும் வாங்கவில்லை.

அண்ணாச்சி கிட்டே போனார். “தீதான் அணைஞ்சிருச்சே. எதுக்கும்மா திரும்ப உள்ள வந்தே?”

“யூனிட்ல திரும்பிப் பாக்காம ஓடணும்னு பழக்கியிருந்தாக அண்ணாச்சி” என்றாள். “அன்னைக்கு அப்படியே ஓடிட்டேன். வள்ளி பின்னாலதான் வாரான்னு நெனச்சேன்.”

அண்ணாச்சி “அப்படியா” என்று சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ரோட்டில் நின்றபடியே ஏஜென்ட்டைக் கூப்பிட்டார். “நாடாவ மாத்துறோம் சார். பருத்தி” என்றார். அந்தப் பக்கம் சத்தம் எங்களுக்கே கேட்டது. முழுக்கக் கேட்டுக்கொண்டார். “இல்ல சார். எங்க கூடத்துல தீ வைக்க முடியாது. உங்களுக்குத் தோதுப்படலன்னா வேற யாருக்கும் குடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் வைத்தார். ராசுவை விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார். எங்களைப் பார்த்து, “உள்ள வாங்க, வேலை கெடக்கு” என்று முதல் ஆளாக நடந்தார்.

ஒவ்வொருத்தியாகக் கதவைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். கடைசியில் நானும், சவேரியம்மாளும், கஸ்தூரியும் நின்றோம். நான் சவேரியம்மாளுக்குக் கை கொடுக்கப் போனேன். கஸ்தூரி அதற்குள் பிடியைத் தளர்த்தி, அவர் தோளைத் தொட்டுக் கதவுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

“நீங்க முன்னால நடங்க பெரியம்மா” என்றாள். “நான் பின்னால வாரேன்.”